பள்ளியைப் பேணிய கைகள்: சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் தொண்டு

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே!

நம் சங்கம் பொன்விழா காணும் இவ்வேளையில் வரலாறு எழுத உட்கார்ந்தால், தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், கொடையாளர்கள் ஆகியோரின் வரிசைதான் முதலில் கண்முன் வரும். அந்த வரிசைக்கு உரிய மரியாதையை இம்மலரின் மற்றப் பக்கங்கள் செய்கின்றன. இந்தக் கட்டுரை இன்னொரு வரிசையைப் பற்றியது. பள்ளிவாசலின் பாயை விரித்தவர்கள், ஹவுலைக் கழுவியவர்கள், கஞ்சிச் சட்டியில் துடுப்புப் போட்டவர்கள், ஆளில்லாத மய்யித்துக்குத் தோள் கொடுத்தவர்கள், வாடகை ரசீதுகளை அடுக்கி வைத்துக் கணக்கெழுதியவர்கள் ஆகியோரின் வரிசை அது. பள்ளியைக் கட்டியவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். பேணியவர்களின் பெயரை எங்கே எழுதுகிறோம்?

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் பள்ளிவாசல் எழுப்பியபோது தோழர்களோடு தாமும் கல் சுமந்தார்கள். பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை, அவ்வளவுதான் அந்தப் பள்ளி. அதைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இறந்துபோனார். பெரிய செய்தியில்லை என்று எண்ணி, தோழர்கள் நபியவர்களிடம் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணோமே என்று கேட்டறிந்த நபியவர்கள், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று வினவி, அவருடைய கபுரைத் தேடிச் சென்று அங்கே நின்று தொழுகை நடத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பள்ளியைப் பெருக்கிய ஒருவரை விசாரித்து நினைவுகூர்வது நபிவழி என்பதே அதன் பாடம். அந்தப் பாடத்தோடு நம் ஊர்ப் பள்ளிகளின் கதையைப் பார்ப்போம்.

குச்சில் தொடங்கிய தொழுகை

1819இல் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தளம் அமைந்ததும், சோழமண்டலக் கரையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தமிழ் முஸ்லிம்கள் இங்கு வரத் தொடங்கினர். 'சூலியா' என்று அக்காலத்து ஆவணங்கள் அவர்களைக் குறிக்கின்றன. சரக்கு வணிகம், நாணய மாற்று, படகு வேலை, கடைச் சிப்பந்தி வேலை என்று பலவகைத் தொழில்களில் இருந்தனர். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் சிங்கப்பூர் ஆற்றை ஒட்டி அவர்களுக்கென்றே ஒரு கம்போங் ஒதுக்கப்பட்டது. சூலியா தெரு என்ற பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஒட்டுத் திண்ணையிலும் கடையின் மேல்மாடியிலும் படுத்துறங்கிய அந்த மனிதர்களுக்குத் தொழுமிடம் மட்டுமன்றி ஊர்ச் சேதி கேட்குமிடம், கடிதம் வாசிக்குமிடம், நோயில் விழுந்தால் கவனிக்க ஆள் கிடைக்குமிடம் எல்லாமே பள்ளிவாசலாக இருந்தது. 1826இல் அன்சர் சாயபு அவர்களின் தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளி தொடங்கியது. இன்று நாம் காணும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் எழுந்தது. எண்கோண வடிவில் இரு மினாராக்களோடு நிற்கும் அந்தப் பள்ளியால்தான் பக்கத்துத் தெருவுக்கு 'மாஸ்க் ஸ்திரீட்' என்ற பெயரே வந்தது. சில கட்டடங்கள் தள்ளி, 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில். ஒரே கடற்கரையிலிருந்து வந்தவர்கள் ஒரே சாலையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், தத்தம் வழிபாட்டிடங்களை எழுப்பிக்கொண்டனர்.

அதே 1827இல் தெலுக் ஆயர் தெருவில் இன்னொரு பள்ளி தொடங்கியது. கடலைத் தூர்ப்பதற்கு முன், அந்தத் தெருதான் கரை. கப்பலிலிருந்து இறங்கியவர் அங்கேதான் கால் வைத்தார். அங்கே எழுந்தது மாளிகையன்று, ஒரு குடிசை. அதனால்தான் இன்று மஸ்ஜித் அல் அப்ரார் என்று பெயர்ப்பலகை இருந்தாலும், நம் பெரியவர்கள் வாயில் அது 'குச்சுப் பள்ளி'யாகவே நிலைத்தது. 1850களின் முற்பாதியில்தான் அதற்குச் செங்கல் சுவர் வந்தது. அதே தெருவில் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு, விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அரசு நிலம் வழங்கியது. அதில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா கட்டப்பட்டது. பத்திரமாகக் கடல் கடந்து வந்ததற்கு நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் நன்றி செலுத்திய தலைமுறை அது.

இந்த ஆண்டுகளை எல்லாரும் எழுதுவார்கள். அவற்றுக்கு நடுவே உள்ள ஓர் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 1827க்கும் செங்கல் சுவர் எழுந்த 1850களுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் குச்சுப் பள்ளி குச்சாகவே இருந்தது. இந்த ஊர் மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஓலைக் கூரை சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. நைந்த ஓலையைக் களைந்து புது ஓலை வேய வேண்டும். கறையான் அரித்த காலை மாற்ற வேண்டும். மண் தரையைச் சமன்செய்ய வேண்டும். ஒளுச் செய்யத் தண்ணீர் இறைத்து வைக்க வேண்டும். இவற்றில் எதுவும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. இருபது ஆண்டு அந்தக் குடிசை நின்றது என்றால், இருபது ஆண்டும் யாரோ அதைப் பார்த்துக்கொண்டார்கள் என்று பொருள். அந்தக் குச்சே அவர்களுக்குச் சாட்சி.

கணக்குத் தவறினால்

தொண்டின் வரலாற்றைச் சொல்லும்போது இனிப்பான பக்கங்களை மட்டும் சொல்வது முறையாகாது. நம் முன்னோர் தாராளமாக வக்ஃபு செய்தார்கள். பள்ளிக்கு நிலம், நிலத்தில் கடை, கடை வாடகையில் விளக்கெண்ணெய்க்கும் இமாம் சம்பளத்துக்கும் வழி என்று ஏற்பாடு செய்தார்கள். கொடுத்தவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் கண் மூடிய பிறகு, பொறுப்பு மகனுக்கும் பேரனுக்கும் மருமகனுக்கும் போனபோது, பள்ளியின் சொத்து எது, குடும்பத்தின் சொத்து எது என்ற கோடு பல இடங்களில் மங்கியது.

பினாங்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிக்கு 1801இல் கம்பெனி கொடுத்த நிலம் 18 ஏக்கர். காதர் மைதீன் என்ற வணிகப் பெருமகனார் அதன் முதல் காவலர். நூறாண்டுக்குள் அந்த நிலத்தில் வீடுகளும் கடைகளும் நெருக்கியடித்தன. பள்ளிக்கு வர வேண்டிய வருமானத்தைப் பற்றிய புகார்களும் பெருகின. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் பள்ளிவாசல், கோயில் சொத்துகள் பலவற்றிலும் இத்தகைய சிக்கல்கள் எழுந்ததன் விளைவாகவே 1905ஆம் ஆண்டில் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த வாரியம் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல வக்ஃபுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

நாமே கட்டிய பள்ளியின் கணக்கை அயல்நாட்டு அதிகாரி வந்து பார்க்கும் நிலை ஏற்பட்டது நம் முன்னோருக்குக் கசப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கசப்பில் மருந்தும் இருந்தது. வாரியம் வந்த பிறகு கணக்கு எழுதப்பட்டது, தணிக்கை செய்யப்பட்டது, பழுதுபார்க்கும் செலவு முறைப்பட்டது. நிய்யத்து தூய்மையாக இருந்தால் போதும், கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கிறார்கள். நிய்யத்து அல்லாஹ்வுக்குத் தெரியும். கணக்கு ஜமாஅத்துக்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பள்ளிக்கு இழப்பு. 1905 நமக்கு விட்டுச்சென்ற பாடம் இது.

கடை வாடகையில் எழுந்த பள்ளி

இதே காலத்தில் கணக்கைத் தொண்டாகச் செய்துகாட்டிய ஒருவரும் இருந்தார். டன்லப் தெருவில் உள்ள பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஷேக் ஹைதர் மகனார் ஷேக் அப்துல் கபூர் அவர்கள் பெரும் வணிகர் அல்லர். ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராக வேலை பார்த்தவர். பத்திரம், குத்தகை, வாடகை, வட்டம் என்று நாள்தோறும் பார்த்த மனிதர்.

கம்போங் கப்போர் பகுதியில் அப்போது ஒரு பழைய சிறு பள்ளி இருந்தது. தென்னிந்திய வணிகர்களும், பக்கத்துக் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிக் குதிரை பராமரித்து வந்த பாவியான் சமூகத்தாரும் அங்கே தொழுதனர். 1881ஆம் ஆண்டில் அந்தப் பள்ளியின் அறங்காவலர் பொறுப்புக்கு வந்த அப்துல் கபூர் அவர்கள், ஊர் ஊராகப் பிரிவுத் தாள் தூக்கிக்கொண்டு அலையவில்லை. 1887இல் பள்ளியைச் சுற்றியிருந்த நிலத்தில் கடைவீடுகளைக் கட்டினார். அவற்றின் வாடகையைப் பள்ளிக்கென்று சேர்த்தார். இருபது ஆண்டுகள் சேர்ந்த பின்னர், 1907இல் புதிய பள்ளியின் பணி தொடங்கியது. 1927இல்தான் அது முழுமை பெற்றது. அந்த நிறைவைக் காண அவர் உயிரோடு இல்லை.

அந்தப் பள்ளிக்குச் சென்றவர்கள் நுழைவாயிலுக்கு மேலே உள்ள கதிரவன் வடிவத்தைப் பார்த்திருப்பார்கள். அதில் 25 கதிர்கள். ஒவ்வொரு கதிரிலும் திருக்குர்ஆன் கூறும் ஒரு நபியின் பெயர் அழகிய எழுத்தில் உள்ளது. பார்ப்பவர் அனைவரும் அந்தக் கலைநயத்தை வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் மாதம் தவறாமல் வாடகை வாங்கி, ரசீது கொடுத்து, ஒழுகும் கூரையைச் சரிபார்த்து, குடியிருப்போரின் சச்சரவைத் தீர்த்து, இருபது ஆண்டுகள் ஒரு காசு சிந்தாமல் சேர்த்த அந்தச் சலிப்பான வேலைக்குப் பின்னால்தான் அந்தக் கதிரவன் உதித்தது. மேசையில் உட்கார்ந்து செய்யும் தொண்டும் தொண்டுதான் என்று நம் இளைஞர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரு பொருள் கொண்ட ஒரு சொல்

தமிழில் 'பள்ளி' என்றால் தொழுமிடமும் உண்டு, கல்விக்கூடமும் உண்டு. நம் சமூகத்தின் தொண்டும் அப்படியே இரு பொருள் கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் ஊர்ப் பெயர் தாங்கிய சங்கங்கள் தோன்றியபோது பள்ளிவாசல் தொண்டு புதிய உருவம் எடுத்தது. தெற்கே கடையநல்லூர், தென்காசி ஊர்களிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறியவர்களில் ஆண்கள் பலர் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்று வீட்டுக்குத் தோள் கொடுத்தனர். அன்றாடக் கூலியில் வாழ்ந்த அந்தச் சமூகம்தான் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கின் மூலம் 1940களில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, 1982 வரை நடத்தியது. இன்று உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய சங்கங்கள் பள்ளிவாசலுக்கு ஆள் கொடுத்தன. மீலாது விழாவுக்குப் பந்தல் போட, பெருநாள் தொழுகைக்குப் பாய் விரிக்க, ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு இடம் பார்த்துக் கொடுக்க என்று எதற்கும் சங்கத்தில் சொன்னால் போதும். இவற்றுள் மிகப் பெரியது மய்யித்துப் பணி. குடும்பம் ஊரில் இருக்க, இங்கே தனியாக இறந்துபோன ஒருவரைக் குளிப்பாட்டி, கஃபன் இட்டு, சந்தூக்கில் வைத்துச் சுமந்து, தொழுது, அடக்கி, பிறகு ஊருக்குக் கடிதம் எழுதி, அவருடைய பெட்டியையும் சேமிப்பையும் உரியவர்களிடம் சேர்ப்பிப்பது என்பது பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை. அதற்குக் கூலி கிடையாது. நன்றி சொல்லவும் ஆள் கிடையாது. நன்றி எதிர்பாராமல் செய்த தொண்டுகளிலெல்லாம் தலையாயது அதுவே.

மாதம் ஐம்பது காசு

1968இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நடப்புக்கு வந்து சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அமைந்தது. பள்ளிவாசல்களும் வக்ஃபுகளும் அதன் குடையின்கீழ் வந்தன. அப்போது நாடே இடம் மாறிக்கொண்டிருந்தது. கம்போங்குகளும் நகரின் பழைய கடைவீடுகளும் காலியாகி, மக்கள் தோ பாயோ, குவீன்ஸ்டவுன், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று வீவக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். புதிய நகரங்களில் வீடு இருந்தது, சந்தை இருந்தது, பள்ளிவாசல் இல்லை.

அதற்காக 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. வேலை செய்யும் ஒவ்வொரு முஸ்லிமும் மத்திய சேம நிதி வழியாக மாதம் ஐம்பது காசு கொடுப்பது என்பது திட்டம். செல்வந்தர் ஒருவர் கட்டும் பள்ளி என்ற பழைய வழக்கம் மாறி, சமூகம் முழுவதும் சேர்ந்து கட்டும் பள்ளி என்ற புதிய வழக்கம் பிறந்தது. அந்த நிதியில் எழுந்த முதல் பள்ளி தோ பாயோவின் மஸ்ஜித் முஹாஜிரீன். 1977இல் திறக்கப்பட்டது. 'முஹாஜிரீன்' என்றால் குடிபெயர்ந்து வந்தவர்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! துப்புரவுத் தொழிலாளி கொடுத்த ஐம்பது காசும் எழுத்தர் கொடுத்த ஐம்பது காசும் அங்கே ஒரே சுவரில் கலந்தன. மலாய்ச் சகோதரர்களும் தமிழ் முஸ்லிம்களும் ஒரே ஸஃப்பில் நின்றது போலவே ஒரே கோத்தோங் ரோயோங்கிலும் நின்றார்கள்.

நம் சங்கம் பிறந்ததும் இதே எழுபதுகளில்தான். ஆகவே இதன் இன்னொரு விளைவை நம் மூத்த உறுப்பினர்கள் நன்கறிவார்கள். புதிய நகரங்களில் பள்ளி எழ எழ, நகரின் நடுவே இருந்த பழைய தமிழ்ப் பள்ளிகளைச் சுற்றி வீடுகள் குறைந்தன. சவுத் பிரிட்ஜ் சாலையிலும் தெலுக் ஆயரிலும் அலுவலகங்கள் எழுந்தன. லுஹருக்கும் ஜும்ஆவுக்கும் கூட்டம் உண்டு. ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்ல ஆள் அருகிப்போனது. முன்பு வீட்டு வாசலில் இருந்த பள்ளிக்குத் தொண்டு செய்தவர்கள், இப்போது எம்ஆர்டி ஏறி வந்து தொண்டு செய்ய வேண்டியதாயிற்று. அப்படியும் வந்தார்கள். தமிழில் குத்பா கேட்க வேண்டும், பிள்ளைகளின் காதில் அந்தத் தமிழ் விழ வேண்டும் என்ற ஆசை அவர்களை இழுத்து வந்தது.

நோன்பு மாதத்து அடுப்படி

பள்ளிவாசல் தொண்டு என்றால் என்ன என்று புதியவர் ஒருவர் கேட்டால், ரமலானில் ஒருநாள் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று காட்டினால் போதும். நோன்புக் கஞ்சி மாலையில் கிடைக்கிறது. ஆனால் வேலை காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வெங்காயம் மூட்டையாக வரும். உரிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். இஞ்சி, பூண்டு விழுது ஒருபக்கம், மல்லி புதினா ஆய்வது ஒருபக்கம். அரிசியையும் பாசிப்பருப்பையும் களைந்து வைப்பார்கள். பட்டை, கிராம்பு, ஏலம், வெந்தயம், கொத்துக்கறி, பாண்டான் இலை, கடைசியில் தேங்காய்ப்பால் என்று ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் தேக்சாவில் விழ வேண்டும்.

கஞ்சியில் கடினமான வேலை சமைப்பதன்று, கிண்டுவது. அரிசி குழையத் தொடங்கியதும் கை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த வாடை ஒரு சட்டிக் கஞ்சியையும் கெடுத்துவிடும். ஆளுயரத் துடுப்பைப் பிடித்து, நெருப்பின் அனலில், வெறும் வயிற்றோடு, நாக்கு வறளக் கிண்டுகிறவரும் நோன்பாளிதான். உப்புச் சரியா என்று ருசி பார்க்கவும் தயங்குவார். மணத்தை வைத்தே பதம் சொல்லும் கைகள் இருந்தன, இன்றும் சில பள்ளிகளில் இருக்கின்றன.

அஸருக்குப் பிறகு வரிசை நிற்கும். தூக்குச்சட்டியோடு வரும் மூதாட்டி, அலுவலகச் சட்டையோடு வரும் இளைஞர், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத் தளத்தில் உழைக்கும் தம்பிகள், என்ன என்று கேட்டு வாங்கிப்போகும் சீன அண்டை வீட்டார் என எல்லாருக்கும் கஞ்சி உண்டு. இஃப்தார் முடிந்ததும் சஹன்களைக் கழுவி, தரை துடைத்து, விரிப்பைச் சரிசெய்து, தராவீஹுக்கு ஸஃப் ஒழுங்குபடுத்த வேண்டும். பாயில் ஒரு பருக்கை கிடக்கக்கூடாது. முப்பது நாளும் இப்படியே. ஒருநாள் உற்சாகத்தில் செய்வது எளிது. பத்தொன்பதாம் நோன்பன்று, அலுவலகக் களைப்போடு, அதே முகமலர்ச்சியோடு வந்து நிற்பதுதான் தொண்டு.

பழமையைக் காக்கும் பொறுப்பு

ஜாமிஆ சூலியா பள்ளி, அல் அப்ரார் பள்ளி, நாகூர் தர்கா மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அப்துல் கபூர் பள்ளி 1979இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான மரபுச் செல்வம் என்ற மதிப்பு அவற்றுக்குக் கிடைத்தது. அந்த மதிப்போடு ஒரு கட்டுப்பாடும் வந்தது.

முன்பெல்லாம் பெருநாளுக்கு முன் பத்துப்பேர் சேர்ந்து வாளியும் தூரிகையுமாக இறங்கி இரண்டு நாளில் பள்ளிக்குப் புதுச்சாயம் அடித்துவிடுவார்கள். நினைவுச்சின்னத்தில் அப்படிச் செய்ய இயலாது. பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். அதன்மேல் சிமெண்டும் இக்காலச் சாயமும் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உப்புப் பூத்து உதிரும். பளிங்குபோல் இருக்கட்டும் என்று பழந்தரையின்மேல் புது ஓடு பதித்தால் நூறாண்டுத் தடயம் அழியும். நல்லெண்ணம் ஒன்றே போதாது, அறிவும் வேண்டும் என்று இக்கட்டடங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. 1980களின் பிற்பாதியில் அல் அப்ரார் பள்ளியிலும், 2000களின் தொடக்கத்தில் அப்துல் கபூர் பள்ளியிலும் பெரும் புதுப்பிப்புப் பணிகள் நடந்தன. நாகூர் தர்காவும் புதுப்பிக்கப்பட்டு, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது.

தொண்டின் வகையும் அதற்கேற்ப மாறியது. சாயம் அடித்த கைகள் இப்போது வேறு வேலைகளுக்கு வந்தன. வருகையாளர்களை வரவேற்று, மேலங்கி கொடுத்து, மிஹ்ராப் எது, மிம்பர் எது என்று பொறுமையாக விளக்குவது ஒரு வேலை. முழங்கால் வலியுள்ள முதியவர்கள் உட்கார்ந்து ஒளுச் செய்ய மேடை அமைப்பது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது, ஒலிபெருக்கி எதிரொலிக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை வேறு வேலைகள். பழைய பள்ளிகள் ஆண்களின் கூட்டத்தை மனத்தில் வைத்து எழுந்தவை. பெண்களுக்கென்று தொழுமிடமும் ஒளுவிடமும் ஒழுங்காக அமைவது அவற்றில் பின்னாளைய முன்னேற்றம். இடம் கிடைத்ததும் தொண்டும் பெருகியது. இன்று மதரஸா வகுப்பிலும், நோன்பு மாதப் பணியிலும், மரபு விளக்கச் சுற்றுலாவிலும் நம் சகோதரிகள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

கதவு மூடிய நாட்கள்

2020 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூரின் எல்லாப் பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ இல்லாத வெள்ளியை நம்மில் எவரும் கண்டதில்லை. ஐந்து நாள் என்று தொடங்கியது மாதக்கணக்கில் நீண்டது. அவ்வாண்டு ரமலானில் பள்ளி அடுப்பைச் சுற்றி வழக்கமான கூட்டம் இல்லை, தராவீஹ் ஸஃப் இல்லை. பலர் தங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முறையாக இமாமாக நின்று பிள்ளைகளைத் தொழ வைத்தார்கள்.

ஜூன் மாதம் கதவு மெல்லத் திறந்தபோது, ஜும்ஆவுக்கு ஒரு வேளைக்கு 50 பேர் மட்டுமே என்று வரம்பு இருந்தது. முன்பதிவு செய்ய வேண்டும், வெப்பநிலை பார்க்க வேண்டும், சொந்த முஸல்லா கொண்டுவர வேண்டும், குறி போட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். இவ்வளவையும் நடத்த வாசலில் ஆள் தேவை. கைப்பேசியில் பதிவு செய்யத் தெரியாத முதியவரிடம் கடிந்துகொள்ளாமல் உதவி செய்ய வேண்டும். இடமில்லை என்று திரும்பிப் போகச் சொல்லும்போது அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அந்த வாசலில் பெரும்பாலும் இளைஞர்கள்தாம் நின்றார்கள். குச்சுப் பள்ளிக்கு ஓலை வேய்ந்த கைகளுக்கும் 2020இல் வெப்பமானி பிடித்த கைகளுக்கும் நடுவே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். வேலை வேறு, உணர்வு ஒன்றே.

இனி நாம் செய்ய வேண்டியது

1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிக்கு 2026இல் வயது 200. அதில் கால்பங்கு நம் சங்கத்தின் வயது. இந்நிலையில் மூன்று விஷயங்களை நம் உறுப்பினர்களின் கவனத்துக்கு வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, பெயர்களைப் பதிவது. எழுபதுகளில் இளைஞர்களாகப் பாய் விரித்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு போய்விடக்கூடிய நினைவுகள் ஏராளம். எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு எப்படிக் கஞ்சி காய்ச்சினார்கள், யார் பயிற்றுவித்தார்கள், பழைய ஹவுல் எங்கே இருந்தது, எந்தத் தெருவிலிருந்து தண்ணீர் வந்தது என்பதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கைப்பேசியும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பேரப்பிள்ளையும் போதும்.

இரண்டாவது, கணக்கைத் தொண்டாக மதிப்பது. நம் பிள்ளைகளில் கணக்காய்வாளர்கள், பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், தாதியர் எல்லாரும் இருக்கிறார்கள். பள்ளிக்கு வந்தால் நாற்காலி அடுக்க மட்டும்தான் கூப்பிடுவார்கள் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கக்கூடாது. நாற்காலி அடுக்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தலைமை எழுத்தர் ஒருவர் தம் தொழிலறிவைக் கொண்டே ஒரு பள்ளியை எழுப்பிய ஊர் இது. அவரவர் கற்ற கல்வியைப் பள்ளிக்குப் பயன்படுத்த வழி திறந்துவிடுவது மூத்தவர்களின் கடமை.

மூன்றாவது, விருந்தினராக எண்ணப்படுகிறவர்களைத் தொண்டர்களாக ஏற்பது. இன்று நம் தமிழ்ப் பள்ளிகளின் ஸஃப்புகளில் கணிசமாக நிற்பவர்கள் ஊரிலிருந்து வேலைக்கு வந்துள்ள சகோதரர்கள். குடும்பத்தைக் கடலுக்கப்பால் விட்டு வந்து, ஞாயிறு ஒருநாள் ஓய்வில் பள்ளியைத் தேடி வருகிறார்கள். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் வந்து நின்ற சூலியாக்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதோடு நம் கடமை முடியவில்லை. துடுப்பையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், ஆலோசனைக் கூட்டத்தில் ஓர் இருக்கையும் கொடுக்க வேண்டும். இந்தப் பள்ளிகள் அப்படிப்பட்டவர்களால், அப்படிப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டவை.

பள்ளிவாசல்களை யார் பராமரிக்கத் தகுதியுடையோர் என்பதைத் திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. அந்தத் தகுதியை நமக்கு முன் இருநூறு ஆண்டுகளாகப் பெயர் தெரியாத எத்தனையோ பேர் தேடிக்கொண்டார்கள். அவர்களுடைய உழைப்பை வல்ல அல்லாஹ் ஸதகத்துல் ஜாரியாவாக ஏற்றுக்கொள்வானாக! அவர்களுடைய கபுருகளை ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும் வலிமையை நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.